சறுக்குச் சரிவும் நடுவயது அச்சமும்

நீர்ப் பூங்காக்களில் உயரமான சறுக்கு மேடைக்குச் செல்லும் படிக்கட்டைச் சிறிது நேரம் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். சிறுவர் சிறுமியர் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஏறுகின்றனர். நாற்பது, ஐம்பது வயதை எட்டியவர்களோ கீழே நின்று துண்டுகளையும் செருப்புகளையும் காவல் காக்கின்றனர். துணிந்து ஏறுவோரிலும் சிலர், மேடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிவிடுகின்றனர். இவர்களில் பலர் இளமையில் கிணற்றுச் சுவரிலிருந்து நீருக்குள் குதித்தவர்களாகவே இருப்பர். இடையில் என்ன நேர்ந்தது? இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது? அதைப் போக்க முடியுமா? முடியுமானால், போக்கத்தான் வேண்டுமா?

இவ்வினாக்களுக்கு விடை காண இரண்டு வரலாறுகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மனிதன் சரிவில் இறங்குவதை விளையாட்டாக மாற்றிய வரலாறு. மற்றொன்று, அச்சம் என்னும் உணர்ச்சியை அவன் ஆராய்ந்து அறிந்த வரலாறு. இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை. ஆயினும் ஒன்றுக்கொன்று விளக்கம் தருபவை.

பனிக்கட்டியில் பிறந்த விளையாட்டு

சறுக்கு விளையாட்டைப் பெரும் கேளிக்கையாக வளர்த்தவர்கள் ரஷ்யர்கள். குளிர்காலத்தில் மரத்தால் உயரமான சாரம் கட்டுவார்கள். அதன் சரிவில் பலகை பரப்பி, அதன்மீது நீரை ஊற்றுவார்கள். கடுங்குளிரில் நீர் உறைந்து, கண்ணாடி போன்ற பனிப்பாதை உருவாகும். பின்புறப் படிகளில் ஏறி, சிறிய சறுக்கு வண்டியில் அமர்ந்து கீழே பாய்வார்கள்.

1730களில் அன்னா பேரரசியின் அரண்மனையில் நடைபெற்ற இவ்விளையாட்டைப் பற்றி, அங்கு வாழ்ந்த ஆங்கிலத் தூதுவரின் மனைவி ஜேன் ரோண்டோ தம் தோழிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் 1775இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. மாளிகையின் மேல்மாடியிலிருந்து முற்றம் வரை பலகைச் சரிவு அமைத்து, அதைப் பனியால் மூடியிருந்தனர் என்றும், அரசவைப் பெருமக்களும் சீமாட்டிகளும் அதில் இறங்கினர் என்றும் அவர் விவரிக்கிறார். தம்மையும் இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்று அவர் நடுநடுங்கிப் போனாராம். அவருக்கு இருந்த அச்சங்கள் இரண்டு: கழுத்து முறிந்துவிடுமோ என்பது ஒன்று, தலைகீழாகக் கவிழ்ந்து பலர் முன்னிலையில் மானம் போய்விடுமோ என்பது மற்றொன்று. வளர்ந்தவர்களின் அச்சத்தில் உயிர்ப் பயத்தோடு வெட்கமும் கலந்திருக்கிறது என்பதை இக்கடிதம் நமக்குக் காட்டுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பின்னர் வந்த பேரரசி இரண்டாம் கேதரின், கோடையிலும் சறுக்க விரும்பினார். பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஒரானியென்பாம் என்னுமிடத்தில், ரினால்டி என்னும் இத்தாலியச் சிற்பி அவருக்காக ஒரு சறுக்கு மாளிகையைக் கட்டினார். 1762இல் தொடங்கிய பணி 1774இல் நிறைவுற்றது. அப்போது கேதரினுக்கு வயது 45. சக்கர வண்டிகள் ஓடிய அதன் சரிவுப் பாதை அரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. பாதை 19ஆம் நூற்றாண்டில் அழிந்துவிட்டது. மாளிகை மட்டும் எஞ்சி நிற்கிறது.

நெப்போலியன் போர்களுக்குப் பின் இவ்விளையாட்டு பாரிஸ் நகரை அடைந்தது. 1817இல் அங்கே திறக்கப்பட்ட சறுக்குப் பாதைகளில், வண்டி தடம் புரளாதிருக்க அதைப் பாதையோடு பிணைக்கும் முறை கையாளப்பட்டது. 'ரஷ்ய மலைகள்' என்ற பெயர் பிரெஞ்சு மொழியில் நிலைத்துவிட்டது.

நீர் வந்து சேர்ந்தது

சரிவோடு நீரை இணைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1884இல் இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டு நகரில் ஆற்றங்கரைக் குன்று ஒன்றிலிருந்து, தட்டையான அடிப்பாகமுடைய படகுகளைச் சரிவில் விட்டு ஆற்றில் பாயச் செய்தனர். 1895இல் பால் பாய்ட்டன் என்பவர் நியூயார்க்கின் கோனி தீவில் திறந்த பூங்காவிலும் இத்தகைய படகுச் சறுக்கு சிறப்பிடம் பெற்றது. இந்தப் பாய்ட்டன் 1875இல் ரப்பர் உடை அணிந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து புகழ்பெற்றவர்.

1923இல் மினசோட்டா மாநிலத்து மரவேலைக்காரர் ஹெர்பர்ட் செல்னர், ஏரிக்கரையில் உயர்ந்த சறுக்கு ஒன்றை அமைத்தார். அதில் பலகை வண்டியில் இறங்குபவர், நீர்ப்பரப்பின் மீது நெடுந்தூரம் வழுக்கிச் செல்வார். வண்டியே இல்லாமல் உடலோடு சறுக்கும் இன்றைய முறை பரவுவதற்கு, கண்ணாடியிழைப் பிளாஸ்டிக் வர வேண்டியிருந்தது. வளைத்து வார்க்கவும் வழவழப்பாக்கவும் ஏற்ற பொருள் அது. 1977 மார்ச்சில் ஜார்ஜ் மில்லே என்பவர் பிளாரிடா மாநிலத்து ஆர்லண்டோவில் நீர்ச் சறுக்குகளுக்கென்றே ஒரு பூங்காவைத் திறந்தார். உலகெங்கும் தோன்றிய நீர்ப் பூங்காக்களுக்கு அது முன்மாதிரியாக விளங்கியது. 2016இன் இறுதியில் மூடப்பட்டது. சிறுவர்கள் விரும்பும் இந்தக் கேளிக்கையை உருவாக்கியபோது மில்லேக்கு வயது 47!

வேகத்தின் கணக்கு

உச்சியில் நின்று பார்ப்பவருக்குச் சரிவு பாதாளமாகத் தோன்றுகிறது. கணக்கு என்ன சொல்கிறது? கலிலியோ சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிக் கண்ட உண்மைகளை 1638இல் வெளியிட்டார். உராய்வு இல்லையெனில், சரிவின் அடியில் கிட்டும் வேகத்தை நிர்ணயிப்பது உயரம் ஒன்றே. இறங்கும் பொருளின் எடையன்று. 5 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வேகம் கிட்டும். 10 மீட்டருக்கு 50 கிலோமீட்டர். 20 மீட்டருக்கு 71 கிலோமீட்டர். அதாவது உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது. உண்மையான சறுக்கில் உராய்வும் காற்றுத் தடையும் இருப்பதால் வேகம் இதனினும் குறைவே. பருத்த உடலுடையவர் கட்டுக்கடங்காத வேகத்தில் விழுவார் என்பது வீண் கற்பனை. உராய்வினால் சிறிதளவு வேறுபாடு உண்டு, அவ்வளவே.

சரிவில் ஓடும் நீரின் பணி யாது? உடலுக்கும் தளத்துக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஆப்புப் போல் நுழைந்து, உடலைச் சற்றே தாங்குகிறது. இயந்திரங்களில் எண்ணெய்ப் படலம் இவ்வாறே அச்சைத் தாங்குகிறது என்பதை ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886இல் கணித முறையில் விளக்கினார். நீர் நின்றுவிட்டால் சறுக்கு சறுக்காது, தோல்தான் உரியும்.

சரிவு செங்குத்தாகும் இடத்தில், கீழிருந்து நம்மைத் தாங்கும் விசை திடீரெனக் குறைகிறது. வயிற்றில் ஏதோ எழும்புவது போன்ற உணர்ச்சி அப்போதுதான் தோன்றுகிறது. அது ஆபத்தின் அறிகுறி அன்று; தாங்குவிசை குறைந்ததன் அறிகுறி.

கோபுரத்தின் மேல் ஒரு மாணவர்

கணக்கை அறிந்தால் அச்சம் போய்விடுமா? போகாது. இதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜெர்மானியக் கவிஞர் கெதே. 1770இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சட்டம் பயிலச் சென்றபோது அவருக்கு வயது 20. உயரத்தில் நின்றால் தலை சுற்றுவது அவருடைய குறை. அந்நகரத் தேவாலயக் கோபுரமோ 142 மீட்டர் உயரமுடையது. அக்காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம்.

கெதே தனியாக அதன் உச்சிக்கு அருகில் ஏறி, கால்மணி நேரம் அமர்ந்திருப்பார். பின்பு, பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத குறுகிய தளத்தில், திறந்தவெளியில் வந்து நிற்பார். வானில் தொங்குவது போன்ற உணர்ச்சி எழும். அது மரத்துப் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். பிற்காலத்தில் மலைகளில் திரியவும், உயர்ந்த கட்டடங்களின் உத்தரங்கள் மீது நடக்கவும் இப்பயிற்சி தமக்கு உதவியது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாதுகாப்பு ஏதுமின்றி அவர் செய்ததை நாம் பின்பற்றலாகாது. ஆனால் முறையின் உட்பொருள் சிறந்தது: அஞ்சும் இடத்திலேயே தானாக விரும்பிச் சென்று நிற்பது, அச்சம் தணியும்வரை ஓடாதிருப்பது, மீண்டும் மீண்டும் செய்வது.

நடுக்கம் முதலா, அச்சம் முதலா?

ராக் ஐலண்டில் படகுகள் சறுக்கத் தொடங்கிய அதே 1884இல், அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் வியப்புக்குரிய ஒரு கருத்தை வெளியிட்டார். அஞ்சுவதால் நாம் நடுங்குகிறோம் என்பதல்ல, உடல் நடுங்குவதை உணர்வதே அச்சம் என்றார் அவர். வால்ட்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர் இதை ஏற்கவில்லை. ஆனால் அச்சத்தின்போது உடலில் நிகழ்வனவற்றை 1915இல் வெளியிட்ட நூலில் அவர் தெளிவாக்கினார். அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது, இதயம் விரைகிறது, சர்க்கரை இரத்தத்தில் பெருகுகிறது, செரிமானம் நின்று, குருதி தசைகளை நோக்கிப் பாய்கிறது. ஓடவோ போரிடவோ உடல் ஆயத்தமாகிறது. ஆனால் சறுக்கு மேடையில் ஓடவும் இடமில்லை. போரிடவும் பகைவர் இல்லை. எனவேதான் கால் தளர்வதாகவும் நெஞ்சு வெடிப்பதாகவும் தோன்றுகிறது.

முயலைக் கண்டு அஞ்சிய சிறுவன்

செல்னரின் ஏரிச் சறுக்குக்கு அடுத்த ஆண்டு, 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். பீட்டர் என்று அவர் குறிப்பிடும் மூன்று வயதுச் சிறுவன் வெள்ளை முயலைக் கண்டால் அலறுவான். அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும்போது, கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார்கள். பிறகு சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். அஞ்சாத குழந்தைகளையும் உடன் விளையாடச் செய்தார்கள். இடையில் அவன் நோயுற்று மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவனை மிரட்டியது. அச்சம் பழையபடி மீண்டது. சோர்வடையாமல் மறுபடியும் தொடங்கினார்கள். இறுதியில் முயல் தன் விரலைக் கொறிப்பதைக்கூட அவன் அனுமதித்தான்.

தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958இல் வெளியிட்ட நூலில் இவ்வழியை முறைப்படுத்தினார். அஞ்சுபவர் தம்மை அச்சுறுத்துவனவற்றைச் சிறிதிலிருந்து பெரிதாக ஓர் ஏணி போல் வரிசைப்படுத்த வேண்டும்; உடலைத் தளர்த்தி அமைதியாக இருந்து, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வேண்டும். அமைதிப் பயிற்சியைவிட, எதிர்கொள்வதே முக்கியம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய உடனாய்வாளர்களும் 1969இல் பாம்புக்கு அஞ்சுவோரிடம் பல முறைகளை ஒப்பிட்டனர். பிறர் பாம்பைக் கையாளும் படத்தைப் பார்த்தோர் ஓரளவு பயன் பெற்றனர். துணைவர் ஒருவர் செய்துகாட்ட, அவருடன் சேர்ந்து தாமும் தொட்டுப் பழகியோரே மிகுந்த பயன் பெற்றனர். மில்லே தம் பூங்காவைத் திறந்த 1977ஆம் ஆண்டில் பண்டூரா, 'என்னால் இயலும்' என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்யக் காண்பது அதற்கு அடுத்தது, வாய்ச்சொல் வலுவற்றது. "ஒன்றும் ஆகாது, சும்மா இறங்குங்கள்" என்று கீழிருந்து கூவும் உறவினர்களால் பயன் விளையாததன் காரணம் இதுவே.

நடுவயதில் என்ன நேர்கிறது?

உயரத்தில் தடுமாற்றம் கொள்வது அரிய குறையன்று. ஜெர்மனியில் 3,500க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவர்களில் 28 விழுக்காட்டினர் வாழ்நாளில் எப்போதேனும் இதை உணர்ந்திருந்தனர்.

வயது ஏறும்போது உடல் மாற்றங்களும் சேர்கின்றன. உள்காதில் உள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றின் அருகிலுள்ள உறுப்புகளும் நம் சமநிலையைக் காக்கின்றன. அவற்றிலுள்ள உணர்மயிர்ச் செல்கள் வயதோடு குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே நிற்பதற்கும் நடப்பதற்கும் கண்ணை மேலும் நம்ப வேண்டியுள்ளது. உயரத்தில் கண்ணுக்கு அருகில் பிடிப்பான பொருள் எதுவும் இல்லை, தடுமாற்றம் மிகுகிறது.

பயிற்சியின்மை மற்றொரு காரணம். நாய்களின் அனிச்சைச் செயல்களை ஆராய்ந்த பாவ்லோவ் ஓர் உண்மையைக் கண்டார். அணைந்துவிட்டதாகத் தோன்றும் பழைய பழக்கம், சிறிது காலம் சென்றபின் தானே தலைதூக்கும். அச்சமும் அத்தகையதே. அது அழிவதில்லை, 'இங்கே ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது. அப்பாடத்தை இருபது ஆண்டுகள் புரட்டாதிருந்தால் எழுத்து மங்கிவிடுகிறது. கிணற்றில் குதித்தவர் சறுக்கில் தயங்குவது இதனால்தான். அவர் கோழையாகிவிட்டார் என்பது பொருளன்று.

மூன்றாவது, ரோண்டோ சீமாட்டியின் வெட்கம். பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற எண்ணம், விழுந்துவிடுவோமோ என்ற எண்ணத்துக்குக் குறைந்ததன்று. ஓர் அச்சத்துக்கு இடம் கொடுத்து விலகினால், அன்றைக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த விலகலுக்குத் தூண்டுகோலாகிறது. இன்று சறுக்கு, நாளை மொட்டைமாடி, மறுநாள் மலைப்பாதைப் பேருந்து. நம் உலகம் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. நடுவயதில் நாம் இழப்பது ஒரு விளையாட்டை மட்டும் அன்று.

அச்சம் சரியாகச் சொன்ன இடம்

எனினும், எல்லா அச்சமும் வெல்லத்தக்கது என்று கொள்வது அறியாமை. அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் 2014இல் 168 அடி உயரமுள்ள நீர்ச் சறுக்கு ஒன்று திறக்கப்பட்டது. உலகிலேயே உயரமானது என்று அதை விளம்பரம் செய்தனர். மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தபோதே மிதவைகள் தடத்தைவிட்டுப் பறந்ததுண்டு. 2016 ஆகஸ்டு 7ஆம் நாள், இரண்டாம் மேட்டில் மிதவை மேலெழும்பியதில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். 2018இல் அச்சறுக்கு இடித்துத் தள்ளப்பட்டது.

அங்கே தவறியது சிறுவனின் துணிவன்று, பெரியவர்களின் கணக்கு. சறுக்குபவரின் துணிவுக்கு அடியில், சாரம் கட்டியவரின் கவனம் இருக்க வேண்டும். அஞ்சுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எனக்கு அச்சமாக இருக்கிறதா?" என்பதன்று, "இது சோதிக்கப்பட்டதா, பராமரிக்கப்படுகிறதா, விதிகளைப் பின்பற்றுகிறார்களா?" என்பதே. இதய நோய், மிகுந்த இரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகெலும்புக் கோளாறு உடையோரும் கருவுற்றோரும் அறிவிப்புப் பலகையை மதித்து விலகி நிற்பது கோழைத்தனம் ஆகாது.

ஏணியின் முதற்படி

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்த்தால், நடுவயதில் முதன்முறையாக நீர்ச் சறுக்கில் இறங்க விரும்புவோருக்கு வழி தெளிவாகும். முதலில், பிள்ளைகளுக்கான தாழ்ந்த சறுக்கில் வெட்கமின்றி இறங்க வேண்டும். ஒரு முறை போதாது. இதயத் துடிப்பு சாதாரணமாகும்வரை நான்கைந்து முறை. அதன்பின் அடுத்த உயரம். மேலே சென்றதும் உடனே திரும்பிவிடாமல், கைப்பிடியைப் பற்றி, எதிரேயுள்ள அசையாத பொருளைப் பார்த்தபடி, பிறருக்கு வழிவிட்டு நிற்கலாம். அச்சம் ஏறுவது போலவே இறங்கவும் செய்யும் என்பதை உடல் தானே கற்றுக்கொள்ளும். அனுபவமுள்ள ஒருவர் நம் கண்முன்னே முதலில் இறங்குவது நல்லது. பணியாளர் கூறியபடி கைகளை மார்பின் குறுக்கேயும் கணுக்கால்களைப் பின்னியும் வைத்துக்கொள்ள வேண்டும். கைகால்கள் பக்கச் சுவரில் மோதாமலும் உடல் புரளாமலும் இருக்கவே இந்த விதி. பிறர் தள்ளி இறங்கலாகாது. தானே கையை விட்டு இறங்குவதில்தான் 'என்னால் இயலும்' என்ற பாடம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு மீண்டும் சென்றால் அச்சம் மறுபடியும் தலைகாட்டலாம். பீட்டருக்கும் அப்படித்தான் நேர்ந்தது. மீண்டும் தாழ்ந்த சறுக்கில் தொடங்கினால் போதும். இரண்டாம் முறை ஏணியின் படிகள் விரைவில் கடக்கப்படும்.

கண் அளக்கும் உயரம் வேறு. கணிதம் அளக்கும் வேகம் வேறு. உடல் அளக்கும் அச்சம் வேறு. மூன்றையும் பிரித்தறிவதே விஞ்ஞானம் நமக்குத் தரும் துணிவு. கேதரினின் மாளிகை எழுந்தது அவருடைய 45ஆம் வயதில். மில்லேயின் பூங்கா திறந்தது அவருடைய 47ஆம் வயதில். துண்டையும் செருப்பையும் காவல் காக்க வேறு யாரையேனும் ஏற்பாடு செய்துவிட்டு, தாழ்ந்த சறுக்கின் படியில் கால் வைப்பதற்கு நாற்பதும் ஐம்பதும் பிந்திய வயதல்ல.